முழம்

சேர்வுப் படிவத்தில் ஏழு கேள்விகள்.
மூன்றாவது, செய்கை நிலத்தின் அளவு.
கால் ஏக்கர் என்று எழுதினேன்.
கிணற்றையும் ஆட்டுக் கொட்டிலையும் கழித்தால்
கால் ஏக்கரும் வராது.
கழிக்கவில்லை.

நாலாவது, அனுபவம், ஆண்டுகளில்.
பேனை அதில் நின்றுவிட்டது.
விசுவமடுவுக்குத் திரும்பி வந்து பதினொரு வருடம்.
அதற்கு முன்பு முகாமில்
பால்மாப் பேணி ஒன்றில்
ஒரேயொரு கனகாம்பரம் வைத்திருந்தேன்.
குளிக்கத் தந்த தண்ணீரில்
அதற்கும் ஒரு சிரட்டை.
பதினொன்றை வெட்டிப்
பன்னிரண்டு ஆக்கினேன்.

தொழில் என்ன என்று
இந்தப் படிவம் கேட்கவேயில்லை.
விதானையாரின் படிவத்திலும் வங்கிப் படிவத்திலும்
இவ்வளவு காலம் வீட்டுப்பணி என்று எழுதிய கை
அந்த வரியைத் தேடியது.
தலைப்பிலேயே அச்சடித்திருந்தார்கள்:
மலர்ச் செய்கையாளர்.

சந்தா ஐந்நூறு.
ஐம்பதுத் தாள்களாகப் பத்து,
ஒன்றில் செவ்வந்திக் கறை.
பொருளாளர் றஜிதா அதை முகர்ந்து பார்த்துவிட்டு
ரசீது எழுதினாள். இலக்கம் நாற்பத்தேழு.

முதல் கூட்டம் கிளிநொச்சியில்,
கமநல நிலைய மண்டபத்தில்.
அரை மணித்தியாலம் மயிலைப் பற்றியே கதை.
மாங்குளத்து அன்ரனீற்றா
பழைய சீடீக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாளாம்;
மயில் வந்து அதில் முகம் பார்த்துவிட்டு
ஆறுதலாக மொட்டைத் தின்கிறதாம்.

பிறகு றஜிதா
தையல்காரரின் அளவு நாடாவைத் தூக்கிக் காட்டினாள்.
"நாப்பத்தைஞ்சு சென்ரிமீற்றர்.
இனி எல்லாருக்கும் இதுதான் முழம்."
நாங்கள் கையை நீட்டி நீட்டி அளந்தோம்.
என்னுடையது நாற்பத்திரண்டு.
மண்டபம் முழுக்கச் சிரிப்பு.
எனக்கு மட்டும்
அருமைத்துரையின் கை ஞாபகம் வந்தது.

அருமைத்துரை
விடிய ஐந்தரைக்கு றெஜிபோம் பெட்டியோடு வருகிறவன்.
வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம்.
என்னிடம் வாங்கும்போது
அவனுடைய கையால் முழம்.
சந்தையில் விற்கும்போது
அவன் மனைவி பத்மாவின் கையால் முழம்.
பத்மா என் தோளுக்கும் கீழே.
ஒன்பது வருடம் இரண்டு கையையும் பார்த்திருக்கிறேன்.
ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கவில்லை.

ஒன்பதாம் விதியை வாசித்தார்கள்:
அங்கத்தவர் தம் பூவைச்
சங்கத்துக்கு வெளியே கொடுத்தல் ஆகாது.
நான் கையைத் தூக்கினேன்,
அந்த நாற்பத்திரண்டையும்.
"செத்தவீட்டுக்குக் குடுக்கிற பூவை
எந்தக் கணக்கில எழுதுறது?
இரவு ரெண்டு மணிக்கு
டோர்ச் அடிச்சுப் பிடுங்கிற பூ அது."
பின்வரிசையில் ஒருவர்,
"இலவசம் எண்டு போடுங்கோ."
"இலவசமும் இல்லை," என்றேன்.
"என்ர கிணறு இடிஞ்ச அண்டைக்கு
மண் அள்ளினவை அவையள்."

செயலாளர் குகநேசன்
கொஞ்ச நேரம் பேரேட்டையே பார்த்தார்.
அடிமட்டம் அகப்படவில்லை.
வெறுங்கையால் ஒரு கோடு இழுத்தார், வளைந்து போனது.
புதிய பத்தி.
தலைப்பை அடுத்த கூட்டத்தில் வைப்போம் என்றார்.
பரந்தன் சந்தியில் பஸ் மாறும்வரை
அந்தத் தலைப்பை யோசித்தேன்.
எதுவும் பொருந்தவில்லை.

மறுநாள் ஐந்தரை.
பின்னேரம் பறித்து இரவு கட்டிய மல்லிகை
ஈரச்சாக்கின் கீழே.
அளவு நாடாவை வேலிக் கம்பியில்
ஆணி அடித்து வைத்திருந்தேன்.
அருமைத்துரை பார்த்தான், கோபிக்கவில்லை.
தன் முழங்கையை வைத்துத் தானே அளந்தான்.
ஐம்பத்துமூன்று.
மகன் பெருக்கிப் பார்க்கப் போனை எடுத்தான்.
வேண்டாம் என்றேன்.
பெருக்கினால்
இன்றைக்குப் பூ வாடிவிடும்.

பதினெட்டு முழம். அளந்தது நான்.
"அப்ப இனி என்ர கையை
என்னக்கா செய்யிறது?"
"பெட்டியைப் பிடி," என்றேன்.